வளர்ச்சி ஹார்மோனா, ஐ.ஜி.எஃப்-1-ஆ: அழற்சியைத் தணிப்பது எது?

"எதிர்ப்பு சக்தி கூடும், இளமை திரும்பும்" என்று சொல்லித்தான் வளர்ச்சி ஹார்மோன் ஊசியைப் பலர் விற்கிறார்கள். ஆனால் அந்த ஊசியைப் போட்டதும் உடம்பில் வேலை செய்வது இரண்டு ஹார்மோன்கள். ஒன்று, பிட்யூட்டரி சுரப்பி தருகிற வளர்ச்சி ஹார்மோன். இன்னொன்று, அதன் தூண்டுதலால் பெரும்பாலும் கல்லீரல் சுரக்கும் ஐ.ஜி.எஃப்-1. உயரம் வளர்வதில் இரண்டும் ஒரே அணி. நோய் எதிர்ப்பு, அழற்சி என்று வந்தால் அப்படிச் சொல்லிவிட முடியாது.

வேறுபாடு செல்லின் வாசலிலேயே ஆரம்பிக்கிறது. ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும், செல்லின் மேலுள்ள புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். வளர்ச்சி ஹார்மோனின் ஏற்பி சைட்டோகைன் ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளை அணுக்கள் தங்களுக்குள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் இன்டர்லூக்கின்-2, இன்டர்லூக்கின்-6 ஆகியவற்றின் ஏற்பிகளும் அதே குடும்பம்தான். ஐ.ஜி.எஃப்-1 ஏற்பியோ இன்சுலின் ஏற்பிக்கு நெருங்கிய உறவு. இந்த உறவுமுறை எவ்வளவு முக்கியம் என்பது 2003-இல் தெரிந்தது. வளர்ச்சி ஹார்மோனின் சேதியை செல்லுக்குள் கொண்டு போகும் ஸ்டாட்-5பி என்ற புரதம் பழுதான ஒரு நோயாளிக்கு உயரமும் வளரவில்லை, எதிர்ப்பு சக்தியும் சரியாக இல்லை. இன்டர்லூக்கின்-2-வும் அதே புரதத்தை நம்பித்தான் இருக்கிறது. இதற்கு மாறாக, வளர்ச்சி ஹார்மோன் மட்டும் குறைந்த குழந்தைகளுக்குப் பொதுவாகப் பெரிய எதிர்ப்பு சக்திக் குறைபாடு வருவதில்லை. அதாவது, எதிர்ப்பு சக்தி இந்த ஹார்மோனைப் பயன்படுத்திக்கொள்கிறது; ஆனால் அது இல்லாமல் முடங்கிப் போவதில்லை.

வளர்ச்சி ஹார்மோனின் வலுவான பக்கம் தைமஸ். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் பயிற்சி பெறும் இந்தச் சுரப்பி வயது ஏற ஏறச் சுருங்கி, கொழுப்பாகிவிடும். 1986-இல் வயதான எலிகளுக்கு, வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் செல்களைப் பொருத்தியபோது தைமஸ் மறுபடி வளர்ந்தது. 2008-இல் எச்.ஐ.வி. உள்ள பெரியவர்களிடமும் இந்த ஹார்மோன் தைமஸின் செயல்பாட்டைக் கூட்டியது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வைத்தான் விற்பனைக்காரர்கள் அதிகம் காட்டுகிறார்கள். 51 முதல் 65 வயது வரையிலான 9 ஆண்கள், ஒரு வருடம், வளர்ச்சி ஹார்மோனோடு சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின், டி.ஹெச்.இ.ஏ. என்ற இன்னொரு ஹார்மோன். தைமஸில் கொழுப்பு குறைந்தது உண்மை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து எடுக்காத குழு இல்லை, மூன்று மருந்துகளில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லவும் வழி இல்லை. இதை நம்பி ஆரோக்கியமான ஒருவர் ஊசி போட்டுக்கொள்வது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

சரி, அழற்சி? தனியாகப் பார்த்தால் வளர்ச்சி ஹார்மோன் உசுப்பிவிடும் வேலையைச் செய்கிறது. கிருமியைக் கொல்லும் ஆக்சிஜன் நச்சுகளை, கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் கூடுதலாக வெளியிட இது தயார்ப்படுத்துகிறது என்று 1988-லேயே காட்டிவிட்டார்கள். ஐ.ஜி.எஃப்-1 பெரும்பாலும் எதிர்த்திசையில் போகிறது. எதிர்ப்பு சக்தி அத்துமீறாமல் பார்த்துக்கொள்ளும் ஒழுங்குபடுத்தும் டி செல்களை எலிகளில் பெருக்கி, எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் தன்னுடல் தாக்கு நோய்களை அது மட்டுப்படுத்தியது.

அப்படியானால் வளர்ச்சி ஹார்மோன் ஊசி அழற்சியைக் கூட்டத்தானே வேண்டும்? அதுதான் இல்லை. இந்த ஹார்மோன் குறைந்த ஆண்களுக்கு அதை ஈடுகட்டிக் கொடுத்தபோது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இறங்கியது. ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் அக்ரோமெகாலி நோயாளிகளிடம் சி.ஆர்.பி. குறைவு, மருந்தால் ஹார்மோனின் வேலையைத் தடுத்தால் அது ஏறுகிறது. ஊசி போட்டால் ஐ.ஜி.எஃப்-1-உம் உயர்கிறது, வயிற்றுக் கொழுப்பும் கரைகிறது. அழற்சி தணிவதில் இவை இரண்டுக்கும் பெரிய பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு.

ஆனால் 1999-இல் வெளியான முடிவை மறக்கவே கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 532 பேரிடம் நடந்த இரண்டு சோதனைகள். நோயாளிகள் சீக்கிரம் தேறுவார்கள் என்ற நல்ல எண்ணத்தில், மிக அதிக அளவில் வளர்ச்சி ஹார்மோன் கொடுத்தார்கள். ஒரு சோதனையில் ஹார்மோன் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 20 சதவீதம். மற்றதில் இது 44 சதவீதம், 18 சதவீதம். பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் பல உறுப்புகள் செயலிழந்ததும் கட்டுக்கடங்காத தொற்றும். உடம்பு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த ஹார்மோனுக்கு அங்கே இடமில்லை.

பக்கவிளைவுகளிலும் இரண்டும் எதிரெதிர். வளர்ச்சி ஹார்மோன் சர்க்கரையை ஏற்றும். நீர் கோக்கும், மூட்டு வலிக்கும். ஐ.ஜி.எஃப்-1 சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். மெகாசெர்மின் என்ற பெயரில் அது 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதுவும் கடுமையான ஐ.ஜி.எஃப்-1 குறைபாடு உள்ள குழந்தைகளின் வளர்ச்சிக்காக. அழற்சிக்கு அல்ல. ஆக, தைமஸ் என்று பார்த்தால் வளர்ச்சி ஹார்மோன் முன்னால் நிற்கிறது. அழற்சியைத் தணிப்பதில் நான் ஐ.ஜி.எஃப்-1 பக்கம். ஆனால் குறைபாடு இல்லாத ஒருவர் எதிர்ப்பு சக்திக்காக மருந்தாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இரண்டுக்குமே ஆதாரம் இல்லை.

ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். ஐ.ஜி.எஃப்-1 குறைவாக இருந்தால் உடனே பிட்யூட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன் ஏற்ற இறக்கத்தோடு விட்டுவிட்டுச் சுரப்பது, ஐ.ஜி.எஃப்-1 நாள் முழுக்க ஓரளவு நிலையாக இருக்கும். அதனால்தான் இதை அளக்கிறார்கள். ஆனால் உடம்பில் நீடித்த அழற்சி இருந்தால், இன்டர்லூக்கின்-6 போன்றவை கல்லீரலில் வளர்ச்சி ஹார்மோனின் சேதியை மழுங்கடித்துவிடும். ஹார்மோன் போதுமான அளவு இருந்தும் ஐ.ஜி.எஃப்-1 இறங்கிவிடும். குடலில் நீடித்த அழற்சி வரும் க்ரோன் நோயும் சிறுவயது மூட்டுவாதமும் உள்ள குழந்தைகள் உயரம் குன்றிப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவர்களில் பலருக்கு வளர்ச்சி ஊசியே தேவைப்படுவதில்லை. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகளால் அழற்சி அடங்கினால், ஐ.ஜி.எஃப்-1 தானாக ஏறுகிறது, அப்புறம் உயரமும் கூடத் தொடங்குகிறது.