கேலண்டரிலிருந்து கில்லினுக்கு, கார் தொல்லை இல்லாமல்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதைக்கு ஐந்துக்கு நாலரை. வாடகைக்கு எடுத்த சைக்கிளுக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் சீட் நன்றாக இருந்ததற்காக. இரண்டையும் கூட்டி சராசரி போட்டுவிடாதீர்கள்.

ஸ்காட்லாந்தில் ட்ராசக்ஸ் மலைப்பக்கம் கேலண்டர் என்று ஒரு சின்ன ஊர் (ஆமாம், சுவரில் மாட்டுகிற கேலண்டர்தான், வீட்டில் ஒரு வாரம் இதை வைத்தே கிண்டல் ஓடியது). அங்கிருந்து வடக்கே கில்லின் வரை 35 முதல் 40 கிலோமீட்டருக்குள் வரும், தேசிய சைக்கிள் பாதை 7-இன் ஒரு துண்டு. நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்துக்குள் 7 என்று போட்டிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போனால் போதும், போனை எடுக்கவே வேண்டாம். பெரும்பகுதி பழைய ரயில் தடம். கேலண்டர் பக்கத்திலிருந்து இந்த மலைக்குள் 1870-இல் ரயில் வந்தது, பத்து வருஷம் கழித்து மேற்குக் கடற்கரையில் ஓபன் என்ற ஊர் வரை நீண்டது. 1965-இல் இந்தப் பகுதியை எப்படியும் மூடுவதாக முடிவெடுத்து தேதியும் குறித்துவிட்டார்கள். ஆனால் அந்த செப்டம்பரிலேயே கிளென் ஓகிள் பள்ளத்தாக்கில் மலை சரிந்து பாறை தண்டவாளத்தில் விழ, யார் அதை அள்ளுவது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தச் சரிவின் புண்ணியத்தில் ஒரு மாதம் முன்னதாகவே ரயிலின் கதை முடிந்தது.

ரயில் தடம் என்பதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது, அதனால் கிளென் ஓகிள் உச்சிக்கே 60 அடிக்கு ஓர் அடி என்கிற கணக்கில்தான் ஏற்றியிருக்கிறார்கள். தினமும் பயிற்சி செய்யாத கால்களுக்கும் அது சரிப்படும். என் மனைவி அப்படித்தான். ரோட்டில் சைக்கிள் என்றாலே அவளுக்குப் பயம், லாரி ஹாரன் கேட்டால் இறங்கி நின்றுவிடுவாள். முதல் அரை மணி நேரம் நூறடிக்கு ஒருமுறை தோள் வழியாகப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பழக்கம். அப்புறம் எங்கே என்று தெரியவில்லை, லெனி அருவி இரைச்சல் தாண்டியபிறகு என்று நினைக்கிறேன், திரும்பிப் பார்ப்பது நின்றுவிட்டது. "ஏங்க, இவ்வளவு நேரமா வண்டி சத்தமே கேட்கலையே" என்றாள். இந்தப் பாதையை நான் சிபாரிசு செய்வது இதற்காகத்தான், மலையும் ஏரியும் ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்.

அருவி தாண்டினால் லுப்னெய்க் ஏரி. ஏரிக்கு அங்கே சொல்கிற சொல்லை லாக் என்று எழுதினால் பூட்டு ஞாபகம்தான் வரும். கடைசியில் தொண்டையில் உரசுகிற அந்த ஒலிக்கு நம்ம ஆய்தம்தான் கிட்டத்தட்ட வரும், 'லொஃ' என்று சொல்லிப் பாருங்கள். கேலிக் மொழியில் லுப்னெய்க் என்றால் வளைந்தது, ஏரியும் நடுவில் முழங்கை மாதிரி வளைகிறது. கார் ரோடு கிழக்குக் கரையில், நம் பாதை மேற்குக் கரையில், இடையில் முழு ஏரி. எதிர்க்கரையில் கார்கள் தீப்பெட்டி மாதிரி ஓடுவது தெரியும், சத்தம் வராது. நம் பக்கம் பிர்ச், ஓக், அதற்கு மேலே வரிசையாக நட்ட ஊசியிலைக் காடு. முழுக்கக் கார் இல்லை என்று சொல்ல முடியாது. ஏரிக்கரைக் குடில்களுக்குப் போகிற கார்கள் கொஞ்ச தூரம் வரும், பால்குவிடர் பக்கம் அமைதியான சின்ன ரோட்டில் ஓட்ட வேண்டியிருக்கும், மரம் வெட்டுகிற நாட்களில் காட்டுச் சாலையில் லாரியும் உண்டு.

இங்கேதான் பஞ்சர். ஏரியின் வடகோடியில் பாதை காட்டுக்குள் கொஞ்சம் ஏறி இறங்கும், கூரான பலகைக்கல் சில்லுகள் கிடக்கும். பின் டயரில் 'புஸ்' என்ற சத்தம். கடைக்காரர் "டியூப்லெஸ், உள்ளே சீலன்ட் பால் இருக்கு, தானே அடைச்சுக்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். டயரைக் கழற்றிப் பார்த்தால் பால் எப்போதோ காய்ந்து, பால் ஆடை மாதிரி சுருண்டு ஒட்டிக்கிடந்தது. சரி, பையில் ஒரு ஸ்பேர் டியூப் கொடுத்தாரே என்று எடுத்தால் அது 25 மில்லிமீட்டர் டயருக்கான ரேஸ் டியூப். எங்கள் டயர் 40. காற்றடிக்க அடிக்க அது பலூன் மாதிரி மெலிந்துகொண்டே போனது, எந்த நொடியும் வெடிக்கும் போல. அரைக் காற்றோடு ஸ்ட்ராதயர் கிராமம் வரை உருட்டியும் ஓட்டியும் போய்ச் சேர்ந்தோம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் டயரைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே தன் பையிலிருந்து சரியான அளவு டியூப் எடுத்து நீட்டினார், நான் கொடுத்த ஐந்து பவுண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் சாண்ட்விச்சுக்குத் திரும்பிவிட்டார். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும்: சரளைப் பாதையில் ஓட்டுகிற கிராவல் பைக்கை வாடகைக்கு எடுத்தால் கடை வாசலிலேயே சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்க வேண்டும். ஸ்பேர் டியூப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவையும் படித்துவிடுங்கள்.

ஸ்ட்ராதயருக்கும் லாக்எர்ன்ஹெட்டுக்கும் நடுவில் சொல்ல அதிகம் இல்லை. ஆட்டுமந்தை, கேட், திறந்தால் மூட வேண்டும், அவ்வளவுதான். 2003-இல் வந்த நிலச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பொறுப்பாக நடந்துகொண்டால் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம் என்பதால் யாரும் தடுக்க மாட்டார்கள். லாக்எர்ன்ஹெட் பக்கம் கீழ்த் தடத்திலிருந்து மேல் ரயில் தடத்துக்கு வளைந்து வளைந்து ஏறுகிற இடம்தான் சோதனை. ரயிலின் 60-க்கு ஒன்று கணக்கு இங்கே செல்லாது, இது சைக்கிளுக்காகப் பிறகு போட்ட வழி. நாங்கள் இறங்கித் தள்ளினோம், வெட்கமே இல்லை.

மேலே ஏறியதும் மரம் நின்றுவிடுகிறது. கிளென் ஓகிள். ரோடு கீழே நூல் மாதிரி, மேலே பாறை, இடுக்கெல்லாம் பிராக்கன் பெரணியும் ஹெதர் புதரும், ஆகஸ்ட் என்பதால் ஹெதர் பூத்து ஊதா. பன்னிரண்டு வளைவுக் கல் பாலம் ஒன்று வரும். பாலம் என்றால் பள்ளத்தைத் தாண்டும் என்றுதானே நினைப்போம், இது மலைச்சரிவை ஒட்டியே போகிறது. அதன் மேல் நின்றால் காற்று ஆளைத் தள்ளுகிறது, கைப்பிடிச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பதினைந்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் நின்றோம். 1965-இல் உருண்ட பாறையின் கூட்டாளிகள் இன்னும் சரிவில் வீட்டளவுக்கு உட்கார்ந்திருக்கின்றன.

உச்சியில் பெரிய ரோடு ஒன்றைக் குறுக்கே கடக்க வேண்டும். அங்கே கார்கள் பறக்கும், குழந்தைகளோடு போனால் இறங்கியே கடங்கள். பிறகு கில்லின் வரை காட்டுக்குள் இறக்கம், சரளை தளர்வாக இருக்கும், முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். டயர் 38 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது, மலைச் சைக்கிள் தேவையே இல்லை, ஊருக்குள் ஓட்டுகிற சாதாரண ஹைப்ரிட் சைக்கிள் கூடப் போதும் ஆனால் கை கொஞ்சம் உதறும்.

கில்லினில் டாக்கார்ட் அருவி ஊருக்கு நடுவிலேயே, பாலத்துக்கு அடியில் பாறை பாறையாகத் தாவி ஓடுகிறது. சதுப்பு மண்ணின் சாறு இறங்கிய தண்ணீர் கட்டன் டீ நிறம், மேலே நுரை. கரையில் உட்கார்ந்து காலை நனைக்கலாம் என்று போனால் மிட்ஜ். கொசுவில் பாதிகூட இருக்காது, கூட்டமாக வந்து முடிக்குள் புகுந்து கடிக்கும். காற்று அடித்தால் வராது, காற்று நின்ற சாயங்காலம் அதற்குத் திருவிழா. எங்களுக்குத் திருவிழா நாளே வாய்த்தது. ஓடிப்போய் ஒரு கடைக்குள் உட்கார்ந்து பருப்பு சூப் குடித்தோம், புளியும் காரமும் மறந்துபோன சாம்பார் மாதிரி இருந்தது, ஆனால் நனைந்த சாக்ஸோடு உட்கார்ந்திருப்பவனுக்கு அமிர்தம்.

இரவு அங்கேயே தங்கி மறுநாள் அதே வழியில் திரும்பினோம். ஒரே நாளில் போய் வரவும் முடியும், எங்களால் முடியாது. கேலண்டருக்கும் கில்லினுக்கும் இப்போது ரயில் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள், நடுவழியில் சோர்ந்தால் பஸ் நேரம் பார்த்து நிற்க வேண்டும், பஸ்ஸில் சைக்கிள் ஏற்றுவார்களா என்பதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது லாக்எர்ன்ஹெட் வளைவுகளில் மனைவி முன்னால் இறங்கினாள், நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால். இப்போது அவள்தான் திட்டம் போடுகிறாள், அக்டோபரில் லார்ச் மரங்கள் மஞ்சளாகும்போது மறுபடியும். டியூப் வாங்கி வைத்தாயிற்று, இரண்டு, 40 மில்லிமீட்டர்.