கடைக்குச் செய்வதா, சொந்தமாகச் செய்வதா: ஒரு நகைத் தொழிலாளியின் கணக்கு

கோவை செல்வபுரத்தில் பதினான்கு வருடம் கடைகளுக்கு நகை செய்து கொடுத்தேன். 2021 கடைசியில் அதை விட்டுவிட்டு, அதே பட்டறையில் பழுது வேலையும் வீட்டு ஆர்டரும் மட்டும் பார்க்கிறேன். நான் சொந்த வேலைப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடை வேலையின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாடிக்கையாளரைத் தேட வேண்டாம், முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது, ஒரே டிசைனைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கை வேகம் பிடிக்கும். சொந்த வேலையில் எல்லாம் நம் தலையில்.

என்னை விலக வைத்தது கூலி குறைவு இல்லை, கணக்கு நடக்கும் விதம். கடை நமக்கு 24 காரட் கட்டி தரும். செம்பும் வெள்ளியும் சேர்த்து உருக்கி 22 காரட் ஆக்கி, நகையாகத் திருப்ப வேண்டும். கூலியை ரூபாயில் பேசுவதில்லை. ‘92 டச் நகைக்கு 95 டச்’ என்று பேசுவோம். டச் என்றால் நூற்றில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்பது. 100 கிராம் நகை கொடுத்தால் அதில் இருக்கும் சுத்தத் தங்கம் 92 கிராம், நம் பேரில் வரவு 95 கிராம். நடுவில் உள்ள அந்த 3 கிராமில்தான் உருக்கும்போதும் அராவும்போதும் மெருகு போடும்போதும் போகிற சேதாரம், உதவிக்கு இருக்கும் பையன் சம்பளம், நம் கூலி எல்லாம் அடங்க வேண்டும்.

தங்கம் ஏறினால் கூலியும் ஏறுமே, நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கடைக்கு நாம் திருப்ப வேண்டியதில் விழும் குறைவும் தங்கத்தில்தான் நிற்கும். 2020 ஊரடங்கில் வேலை நின்றபோது என் கணக்கில் 16 கிராம் குறைந்திருந்தது. பாதி சேதாரம், பாதி வீட்டுச் செலவுக்கு எடுத்தது. அந்த ஆகஸ்டில் சவரன் 40,000-க்கு மேல் போனது. வேலை நடந்துகொண்டே இருக்கும்வரை இந்த ஓட்டை வெளியே தெரியாது, புதுக் கட்டி பழைய குறைவை மூடிவிடும். நின்றால்தான் தெரியும். மனைவியின் சங்கிலியை விற்று அடைத்தேன். என்னைப் போலவே 2 பவுன் குறைவோடு இருந்த ஒருவர் இன்னும் அடைக்கவில்லை. 2025 அக்டோபரில் சவரன் 90,000-ஐத் தாண்டியது. அவர் கடன் ஒரு குன்றிமணிகூடக் கூடவில்லை, ஆனால் 80,000 இருந்தது 1,80,000 ஆகிவிட்டது.

இப்போது என் கூலி ரூபாயில். மரை தேய்ந்த திருகாணி, அறுந்த செயின், விரலில் ஏறாத மோதிரம், இவைதான் அன்றாடம். வந்ததும் அவர்கள் கண்முன் எடை போட்டுச் சீட்டில் எழுதுகிறேன். பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த பிறகு மறுபடி எடை. தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று பழமொழியே இருக்கிறது, யாரையும் கோபித்துப் பயனில்லை. வீட்டு ஆர்டருக்குப் பழைய நகையை அவர்கள் எதிரிலேயே உருக்கி, டச் பார்க்கும் கடையில் சீட்டு வாங்கிக் கொடுக்கிறேன். இங்கேயும் அடுத்தவர் தங்கம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் பத்து நாளில் கணக்கு முடிந்துவிடும், அடுத்த வேலைக்கு உருண்டு போகாது. நல்ல நாள் பார்த்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு தாலிக்குப் பொன் கொண்டுவரும் வீட்டார் தனி. அந்த வேலையில் கூலியைப் பற்றி நானும் அதிகம் பேசுவதில்லை.

கடை ஜெயிக்கும் இடம் ஹால்மார்க். 2021 ஜூன் 16 முதல் அது படிப்படியாகக் கட்டாயம் ஆனது. ஆண்டு வியாபாரம் 40 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் விலக்கைக் காட்டினால் கல்யாண ஆர்டர் வருமா? பெரிய செட் எல்லாம் கடைக்குத்தான் போகிறது. இன்னொரு தொல்லை திருட்டு நகை. தெரிந்தே அதை வாங்கினால் குற்றம்: முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 411-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 317. அதனால் பழைய நகையை விலைக்கு வாங்குவதே இல்லை, தெரியாத முகம் என்றால் பழுதுக்கும் அடையாள அட்டை கேட்கிறேன். சிலர் முறைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கல் வேலை, வைரம் பற்றி நான் பேசக்கூடாது, கை வைத்ததே கொஞ்சம்தான். என் பட்டறை வீட்டுத் திண்ணையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகை கொடுத்து ராஜ வீதிப் பக்கம் உட்கார்ந்திருந்தால், முதல் வருட ஆடி மாதத்திலேயே திரும்பக் கடைக்கு ஓடியிருப்பேன்.

போன வாரம் பக்கத்துப் பட்டறைப் பையன் வந்து, “எது தேவலைங்கண்ணா?” என்றான். கடைக் கணக்கில் அவன் பேரில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆறு கிராம் என்றான். முதலில் அதை அடைத்துவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்று அனுப்பினேன்.