யார் இரட்சிக்கப்படுவார்கள் என்று தேவன் முன்குறித்தாயிற்று என்றால் பிரசங்கம் எதற்கு?

1739இல் பிரிஸ்டல் அருகே கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளர்களுக்கு வெட்டவெளியில் பிரசங்கித்த ஆங்கிலேயப் போதகர்கள் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டும் ஜான் வெஸ்லியும் இந்தக் கேள்வியில் பிரிந்தார்கள். கரி படிந்த கன்னங்களில் கண்ணீர் வெள்ளைக் கோடு போட்டதை ஒயிட்ஃபீல்டு பதிவு செய்திருக்கிறார்.

நோக்கம்
ஒயிட்ஃபீல்டு: தெரிந்துகொள்ளப்பட்டவர்களை தேவன் அழைக்கும் வழியே பிரசங்கம். அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாதே, அதனால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.
வெஸ்லி: கிருபை எல்லோருக்கும். கேட்பவர் ஏற்கலாம், தள்ளலாம்.

வசன பலம்
முதலாவதற்கு அப்போஸ்தலர் 18:10. கொரிந்துவில் தமக்கு அநேகர் உண்டென்று கர்த்தர் சொன்னார். பவுல் ஒன்றரை வருஷம் அங்கேயே போதித்தார்.
இரண்டாவதற்கு 1 தீமோத்தேயு 2:4. எல்லா மனுஷரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே தேவசித்தம் என்கிறது அது.

சரி, யாருக்கு எது? பலன் காணாமல் சோர்ந்த ஊழியருக்கு முதலாவது. ‘நான் பட்டியலில் இல்லையோ’ என்று தூக்கம் கெட்டவருக்கு, என்னைக் கேட்டால், வெஸ்லிதான்.