ஸ்ப்ரிங்கரா, லாப்ரடாரா: துப்பாக்கியோடு தனியே நடப்பவருக்கு எந்த நாய்?

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய க்ளன் பள்ளத்தாக்கில், அண்டை விவசாயி ஒருவரின் நிலத்தில் வேட்டைக்குச் செல்ல எனக்கு அனுமதி கிடைத்த ஆண்டில்தான் இந்தக் கேள்வி என் வீட்டுக்குள் வந்தது. உயிர்வேலிகள், பெரணி மண்டிய மலைச்சரிவு, ஓடையோரச் சதுப்பு, இரண்டு அரிதாள் வயல்கள், ஆடு மேயும் புல்வெளி ஆகியவையே அந்த நிலம். பறவைகளை விரட்டிவிட வரிசையாக ஆட்கள் வரும் பெரிய பண்ணை வேட்டையில் சுடுபவர் ஓரிடத்தில் நின்றால் போதும். இங்கு 'ரஃப் ஷூட்டிங்' என்று சொல்லப்படுவதில் ஒருவரோ இருவரோ நாயோடு நடந்து, புதர் புதராகத் தேடி, கிளம்புவதைச் சுட்டு, விழுந்ததை எடுத்து வரவேண்டும். ஒரு நாள் முழுவதும் நடந்து இரண்டு ஃபெசன்ட் கோழிகளும் ஒரு முயலும் கிடைத்தால் அது நல்ல நாள். காவல்துறை தரும் துப்பாக்கிச் சான்றிதழ், நில உரிமையாளரின் ஒப்புதல், அந்தந்தப் பறவைக்கு உரிய பருவம் ஆகிய மூன்றும் எல்லோருக்கும் பொது என்பதால் அவற்றை விட்டுவிட்டு நாய்க்கு வருகிறேன்.

வேட்டை நாய் என்றதும் தமிழ் வாசகர்களின் மனத்தில் சிப்பிப்பாறையும் கன்னியும் தோன்றும். அவை இரையைக் கண்ணால் கண்டு, துரத்தி, ஓடிப் பிடிப்பவை. துப்பாக்கியோடு நடக்கும் நாயிடம் எதிர்பார்ப்பது இதற்கு நேர்மாறானது. அது மோப்பத்தால் தேட வேண்டும். பறவையைக் கிளப்ப வேண்டும். கிளம்பிய கணத்தில் துரத்தாமல் உட்கார்ந்துவிட வேண்டும். சுட்டபின் பெயர் சொல்லி அனுப்பினால் மட்டுமே போய், இரையைக் கடித்து நசுக்காமல் கவ்விவந்து கையில் தர வேண்டும். துரத்துகிற நாய் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இந்த வேட்டைக்குப் பயன்படாது.

என் முன் இருந்தவை இரண்டு: இங்கிலிஷ் ஸ்ப்ரிங்கர் ஸ்பேனியல், லாப்ரடார். இரண்டையும், நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப் அடுத்தடுத்த ஆண்டுகளில், 1902இலும் 1903இலும், தனி இனங்களாக ஏற்றது. ஆனால் இவற்றின் பூர்விகத் தொழில்கள் வேறு. ஸ்ப்ரிங்கர் என்ற பெயரே புதரிலிருந்து இரையைத் துள்ளி எழச் செய்வதால் வந்தது. லாப்ரடாரின் முன்னோர்கள் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு தண்ணீரில் வேலை செய்த நாய்கள். பிரிட்டனுக்கு வந்தபின் பிரபுக்களின் பண்ணைகளில் சுடப்பட்ட பறவைகளை எடுத்து வருவதற்கென்றே அவை வளர்க்கப்பட்டன. ஒன்று தேடப் பிறந்தது, மற்றொன்று எடுத்துவரப் பிறந்தது என்று சொன்னால் பெரிய பிழை இராது. நான் ஸ்ப்ரிங்கரைத் தேர்ந்தெடுத்தேன். கல்லீரல் பழுப்பும் வெள்ளையும் கலந்த பெட்டைக் குட்டி, பெயர் மின்னி, இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. இந்த ஒப்பீட்டை ஸ்ப்ரிங்கரின் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அழகு, குணம், குழந்தைகளோடு பழகுதல் என்று பலரும் பட்டியலிடுவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தீனிச் செலவு லாப்ரடாருக்குச் சற்றுக் கூடும். அது ஸ்பேனியலைவிடக் கனமானது, எடை போடவும் தயங்காதது. முடிப் பராமரிப்பில் லாப்ரடார் மிக எளிது. ஸ்ப்ரிங்கரின் காதுமடலிலும் காலிடுக்கிலும் ஒட்டும் காய்களையும் புல்விதைகளையும் ஒவ்வொரு மாலையும் விரலால் தடவி எடுக்க வேண்டும். விரலிடுக்கில் ஒரு புல்விதை ஏறிவிட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டியிருக்கும். இவை எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது ஒன்றே ஒன்று: நாய்க்கும் துப்பாக்கிக்கும் இடையே உள்ள தூரம்.

சிறு குண்டுகளைச் சிதறச் சுடும் சாதாரண 12 போர் ('போர்' என்பது குழலின் உள்ளளவு) துப்பாக்கியால் நம்பிக்கையோடு சுடக்கூடிய தூரம் 35 முதல் 40 கெஜம் வரைதான். அதற்கு அப்பால் சுட்டால் பறவை சாகாமல் காயத்தோடு பறந்துவிடக் கூடும் என்பதால், மனசாட்சி உள்ளவர் சுடமாட்டார். பறவை கிளம்பும் ஓசை காதில் விழுந்து, அது எந்தப் பறவை என்று தெரிந்து, அந்தத் திசையில் மனிதரோ ஆடோ இல்லை என்று உறுதிசெய்து, துப்பாக்கி தோளுக்கு வருவதற்குள் பறவை மேலும் 15 கெஜம் போயிருக்கும். ஆகவே நாய் 20 கெஜத்துக்குள் வேலை செய்தால்தான் வேட்டை நடக்கும். 40 கெஜம் முன்னால் போய்க் கிளப்புகிற நாய் எவ்வளவு கூர்மையான மூக்குடையதானாலும், அது நம் நிலத்துப் பறவைகளை அடுத்த நிலத்துக்கு அனுப்பிவைக்கும் நாய்தான்.

ஸ்ப்ரிங்கரின் அருமை இங்கேதான் தெரியும். நல்ல வேலை வம்சத்துக் குட்டி, மூக்கைத் தரையோடு வைத்து, நமக்கு முன்னால் இடமும் வலமுமாக வீசி வீசித் தேடுவதைப் பெரும்பாலும் பிறப்பிலேயே கொண்டுவருகிறது. நாம் செய்ய வேண்டியது அந்த வீச்சின் அகலத்தை ஒழுங்குபடுத்துவதுதான். காற்று முகத்தில் அடிக்கும்போது இது எளிது. நாய் பக்கவாட்டில் ஓடினாலே முன்னால் இருப்பதன் வாடை அதன் மூக்குக்கு வந்து சேரும். காற்று முதுகில் அடிக்கும்போது நாய் முன்னே போய், திரும்பி, நம்மை நோக்கித் துழாவி வரும். அது தவறன்று, காற்றைப் பயன்படுத்தும் முறையே அதுதான். புதிதாகப் பழக்குபவர்கள் இதைக் கீழ்ப்படியாமை என்று எண்ணித் திட்டிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். குட்டிப் பருவத்தில் மின்னியோடு எதிர்காற்றில் மட்டுமே நடந்தேன். வீச்சின் ஓரத்தில் இரண்டு சிறு விசில் கொடுத்து, நானே எதிர்ப்பக்கம் திரும்பி நடப்பேன். டென்னிஸ் பந்துகளை எப்போதும் என் காலடிக்கு அருகே உள்ள புல்லில் மறைத்து வைப்பேன். நல்லதெல்லாம் இவருக்கு அருகில்தான் கிடைக்கிறது என்று அந்த நாய் நம்ப வேண்டும் என்பதே நோக்கம்.

லாப்ரடார் இதைச் செய்யாது என்றில்லை. நண்பரின் கறுப்பு லாப்ரடாரோடு இரண்டு பருவங்கள் நடந்திருக்கிறேன். கேல் கீரை வயலில் அது அழகாக வேலை செய்தது. ஆனால் வாடை கிடைத்ததும் தலையை உயர்த்தி நேர்கோட்டில் இழுத்துக்கொண்டு போவது அதன் போக்காக இருந்தது. நண்பர் நாள் முழுவதும் விசிலால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே நடந்தார். முட்புதரின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கும். ஸ்பேனியலைப் போலத் தலையைக் கொடுத்துத் துளைத்துப் போகாது. லாப்ரடாரை நான் குட்டியிலிருந்து பழக்கியதில்லை. ஆகவே அது அந்த ஒரு நாயின் குணமாகவும் இருக்கலாம் என்ற வரம்போடுதான் இதைச் சொல்கிறேன்.

ஸ்ப்ரிங்கரைத் தேர்ந்தெடுப்பவர் கொடுக்க வேண்டிய விலையும் இதே தூரத்தில்தான் இருக்கிறது. தேடும் வெறியோடு பிறந்த நாய், கிளம்பியதைத் துரத்தும் வெறியோடும் பிறக்கிறது. ஆகவே ஒரு நீண்ட விசிலுக்கு இருந்த இடத்திலேயே உட்காருவது என்ற ஒரே கட்டளையில் அதன் வாழ்க்கை முழுவதும் தொங்குகிறது. இங்குள்ள ஸ்பேனியல்காரர்கள் உட்காரச் சொல்ல 'ஹப்' என்பார்கள். எட்டு வார வயதில் தீனித் தட்டை வைக்கும்போது தொடங்கினேன்: உட்கார்ந்தால் தட்டு கீழே வரும். பிறகு அதோடு விசிலைச் சேர்த்தேன். ஆறு மாதத்துக்குப் பிறகு, அவள் துழாவிக்கொண்டிருக்கும்போது அவள் மூக்குக்குக் குறுக்கே பந்தை எறிந்து விசில் ஊதினேன். எறிந்த பத்துப் பந்துகளில் எட்டை நானே நடந்துபோய் எடுத்தேன். விழுவதெல்லாம் தனக்கு என்று நாய் நினைக்கத் தொடங்கினால் அடுத்த மாதமே விசிலுக்கு முன் ஓடத் தொடங்கிவிடும். விசிலையும் சொல்லிவிடுகிறேன்: பர்மிங்காமில் செய்யப்படும் ஆக்மி விசிலில் ஸ்பேனியல்காரர்கள் பெரும்பாலும் 210½ எண்ணையும், லாப்ரடார்காரர்கள் 211½ எண்ணையும் வாங்குகிறார்கள். சுருதி மாறாது என்பதால், தொலைந்தால் அதே எண்ணை வாங்கி அன்றே வேலையைத் தொடரலாம்.

இவ்வளவு தெரிந்திருந்தும் நான் ஒரு பெரிய பிழை செய்தேன். மின்னிக்கு ஐந்து மாதமாக இருந்தபோது, கோடை மாலைகளில் பெரணிச் சரிவில் அவளைக் கட்டவிழ்த்துவிட்டு நடந்தேன். அங்கே முயல்கள் நிறைய. முதல் முயலை அவள் துரத்தியபோது, குட்டிக்கு ஊக்கம் இருக்கிறது என்று மகிழ்ந்து பேசாமல் இருந்துவிட்டேன். அப்படி மூன்று மாலைகள். நான்காம் மாலை முதல், பெரணியைக் கண்டாலே அவள் 60 கெஜம் தள்ளி ஓடினாள். விசில் அவள் காதில் ஏறவே இல்லை. நீண்ட கயிற்றைக் கட்டி, முயலே இல்லாத குட்டைப் புல்வெளிக்குத் திரும்பி, முதல் பாடத்திலிருந்து தொடங்கிச் சரிசெய்யப் பத்து வாரங்கள் ஆயின. பிறகு, முயல்கள் உள்ள வேலியிட்ட அடைப்பு ஒன்றில் அவளைக் கூட்டிப்போய், முயல் ஓடும்போது உட்காரும் பழக்கத்தைப் பதிய வைத்தேன். அந்த ஆண்டின் பருவம் எங்களுக்கு இல்லாமலே போயிற்று. லாப்ரடார் குட்டியாக இருந்திருந்தால் இதே பிழைக்கு இவ்வளவு தண்டனை கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். அது இயல்பாகவே பொறுமையோடு காத்திருக்கும், நம் முகத்தைப் பார்க்கும். முதல் நாயைப் பழக்குபவருக்கு லாப்ரடாரைப் பரிந்துரைப்பவர்கள் சொல்லும் வலுவான காரணம் இதுதான். அதை நான் மறுக்கமாட்டேன்.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். ஃபெசன்ட் பருவம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிறிஸ்துமஸ் அன்றும் ஃபெசன்ட், கௌதாரி போன்றவற்றைச் சுடுவது சட்டப்படி கூடாது. வாரநாளில் வேலைக்குச் செல்லும் என்னைப் போன்றவருக்கு எஞ்சுவது 17 அல்லது 18 சனிக்கிழமைகள். அந்த நாள்களில் நம் கவனம் துப்பாக்கியில் இருக்கும், நாய் மீது இராது; அப்போதுதான் அது ஓரடி, ஈரடி என்று எல்லை தாண்டத் தொடங்கும். அதனால் மின்னியின் முதல் பருவத்தில் நான் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு விசிலோடு மட்டும் நடந்தேன், நண்பர் சுட்டார். இன்றும் பருவத்தின் நடுவே ஒரு சனிக்கிழமையை அதற்கென்று ஒதுக்குகிறேன். ஸ்ப்ரிங்கரின் பராமரிப்பு என்றால் சீப்பும் காதுமருந்தும் மட்டுமன்று. இந்த ஒழுங்கை ஆண்டுதோறும் புதுப்பிப்பதும் அதில் சேரும்.

கடந்த டிசம்பரில் ஒரு காலை. தரை உறைந்திருந்தது. இரண்டு உயிர்வேலிகள் சந்திக்கும் மூலையில் மின்னியின் வால் வேகம் மாறியது. அவ்வளவு நேரம் வீசிக்கொண்டிருந்த வால் குறுகித் துடித்தது. பிறகு அவள் முள்ளுக்குள் மறைந்தாள். உள்ளே சுள்ளி ஒடியும் ஓசை. அடுத்து, தகரத்தை அடித்தாற்போல் கத்திக்கொண்டு ஒரு சேவல் ஃபெசன்ட் மேலேறியது. நான் விசிலைத் தொடவே இல்லை. புதருக்கு வெளியே பாதி உடலோடு அவள் உட்கார்ந்திருந்தாள். பின்பாகம் தரையில் சரியாகப் படியவில்லை, தொடை நடுங்கியது, காதுமுடியில் பனித்துகள் ஒட்டியிருந்தது. முதல் குழல் தவறியது. இரண்டாவதில் பறவை வேலிக்கு அப்பால் ஆட்டுப் புல்வெளியில் விழுந்தது. பத்து வரை எண்ணிவிட்டுப் பெயர் சொல்லி அனுப்பினேன். தலையை உயர்த்தி, ஒரு சிறகு கண்ணை மறைக்க, ஆடுகளைத் திரும்பிப் பாராமல் வந்து கையில் கொடுத்தாள். விலா எலும்பை அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் நொறுங்கவில்லை. அந்தச் சேவல் கிளம்பிய இடம் என்னிடமிருந்து 12 கெஜம்.

லாப்ரடாரை வாங்குங்கள் என்று நானே சொல்லும் சூழல்களும் உண்டு. உங்கள் நிலத்தில் குளமோ ஆறோ இருந்து மாலையில் வாத்துக்காகக் காத்திருப்பவரானால், அல்லது காட்டுப்புறாவுக்காக வலைமறைவில் மணிக்கணக்கில் அமர்பவரானால், அசையாமல் உடன் அமர்ந்திருக்கும் லாப்ரடாரே சரி. குளிர்ந்த நீரில் அதன் அடர்ந்த இரட்டை முடி தரும் காப்பு ஸ்பேனியலுக்கு இல்லை. சும்மா உட்காருவது மின்னிக்குத் தண்டனை, பக்கத்தில் இருப்பவருக்கும் அப்படியே. காக்கர் ஸ்பேனியலைப் பற்றி ஒரு வரி: முட்புதரில் அது ஸ்ப்ரிங்கருக்குச் சளைத்ததன்று, சிறிய வீட்டுக்கும் ஏற்றது, பெரிய சேவல் ஃபெசன்டையும் முயலையும் வேலி தாண்டித் தூக்கிவரும் வேலையில் உடல் சிறியது என்பதே என் தயக்கம்.

எதை வாங்கினாலும் காட்சிப் போட்டிக்கு வளர்த்த வம்சத்தைத் தவிர்த்து, தாய் வேலை செய்வதை வயலில் நேரில் பார்த்தபின் குட்டியைக் கேளுங்கள். லாப்ரடார் என்றால் பெற்றோர் இரண்டின் இடுப்பு, முழங்கை மூட்டுப் பரிசோதனைச் சான்றுகளையும், ஸ்ப்ரிங்கர் என்றால் கண் பரிசோதனையையும் ஃப்யூகோசிடோசிஸ் என்ற பரம்பரை நரம்பு நோய்க்கான மரபணுச் சோதனையையும் கேட்க வேண்டும். ஸ்ப்ரிங்கரின் வால் நுனி முள்ளில் அடிபட்டுக் கிழியும் என்பதால், வேலைக்கு வளர்க்கப்படும் ஸ்பேனியல் குட்டிகளுக்குப் பிறந்த ஐந்து நாளுக்குள் கால்நடை மருத்துவர் வாலைக் குறைக்க இங்கிலாந்தில் சட்டம் இடமளிக்கிறது; அதற்கான மருத்துவரின் சான்றிதழ் குட்டியோடு வர வேண்டும். அடுத்த கோடையில் இதே பள்ளத்தாக்கில் மின்னியின் தமக்கை குட்டி போடுகிறாள். அதில் ஒன்றைக் கேட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை ஒரு வயது ஆகும்வரை பெரணிச் சரிவின் பக்கமே அதைக் கூட்டிப்போக மாட்டேன்.