எட்டோஷா: சுற்றுவதைவிட உட்கார்ந்து பார்க்க வேண்டிய பூங்கா

நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 22,000 சதுர கிலோமீட்டர். அதை முழுக்கச் சுற்றிவிடக் கிளம்புகிறவர்கள் நிறையப் புழுதியும் கொஞ்சம் விலங்கும் பார்த்துத் திரும்புகிறார்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை வெளியில் தண்ணீர் வற்றிவிடும். குடிக்க வேண்டுமானால் யானையும் சிங்கமும் குட்டைக்கு வந்தே தீர வேண்டும். அங்கே எஞ்சினை அணைத்துவிட்டு, சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி வண்டியை நிறுத்தி, ஒரு மணி நேரமாவது காத்திருங்கள். மழை பெய்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது, விலங்குகள் சிதறிப்போகும்.

தங்க எங்கள் முதல் தேர்வு ஒகாகுவேயோ முகாம். வேலிக்கு அப்பால் இரவு முழுக்க விளக்கெரியும் குட்டை இருக்கிறது. கறுப்புக் காண்டாமிருகத்தைப் பார்க்க இதைவிட நம்பகமான இடம் அரிது. குட்டையை ஒட்டிய அறைகளுக்கு வாடகை கூடுதல். ஆனால் கரையிலுள்ள பெஞ்சுகள் முகாமில் தங்கும் எல்லாருக்கும் பொது என்பதால், அந்தச் செலவு அவசியமில்லை. ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் எலும்பைத் துளைக்கும். கனமான ஜாக்கெட் இல்லாமல் அரை மணி நேரம்கூட உட்கார முடியாது. படமெடுக்க ப்ளாஷ் வேண்டாம். கேமரா முக்காலியும் உயர்ந்த ஐஎஸ்ஓவும் (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) போதும்.

தலைநகர் வின்ட்ஹுக்கிலிருந்து ஒகாகுவேயோ வரை சுமார் 435 கிலோமீட்டரும் தார்ச்சாலை. நம் ஊர் போலவே இடப்பக்கம் ஓட்ட வேண்டும். பூங்காவுக்குள் பெரும்பாலும் சரளைச் சாலை, உச்ச வேகம் 60. சாதாரண கார் போதும், ஆனால் உயரமான வண்டியில் புல்லுக்கு மேலாகப் பார்க்கலாம். கிளம்புமுன் உபரி டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். கூர்கற்கள்தான் இங்கே முதல் எதிரி.

பலரும் சிக்குவது நேரக் கணக்கில். முகாம் கதவுகள் சூரிய உதயத்தில் திறந்து அஸ்தமனத்தில் மூடிவிடும். ஒகாகுவேயோவிலிருந்து பூங்காவின் இன்னொரு முகாமான ஹலாலி 70 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். வழியில் யானைக்கூட்டம் மறித்தால் வழிவிட்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை, ஹார்ன் அடிக்கவே கூடாது. இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். வேலியிட்ட கழிப்பறை நிறுத்தங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்க அனுமதியில்லை.

காட்டெருமையும் நீர்யானையும் இங்கே கிடையாது. 'பெரிய ஐந்து' (சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை) பட்டியலை முடித்தே ஆக வேண்டும் என்பவர்கள் தென்னாப்பிரிக்காவின் க்ரூகருக்குப் போவது நல்லது.