பீட்டில்ஸின் சிவப்பு ஆல்பம்: 1993, 2010, 2023 – எந்த சிடியை வாங்கலாம்?

பீட்டில்ஸின் 1962–1966 தொகுப்பை, அதாவது சிவப்பு ஆல்பத்தை, பினாங்கில் தேடினால் மூன்று சிடி பதிப்புகள் கண்ணில் படலாம். என்னிடம் மூன்றும் இருக்கின்றன, அடிக்கடி போட்டுக் கேட்பது 2023 பதிப்பைத்தான்.

1993 பதிப்பில் 26 பாட்டுகள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரே வட்டில் அடக்கியிருக்கலாம், ஆனால் இரண்டாக்கி விற்றார்கள். லோரோங் கூலிட் சந்தையில் மலிவாகக் கிடைத்தால் எடுக்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் சிறுபுத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள், நம் ஊர் ஈரத்துக்குப் பளபளப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் படம் உரிந்து வந்துவிடும். 2010 பதிப்பிலும் அதே 26 பாட்டுகள், ஒலி மட்டும் இன்னும் தெளிவு.

முடிவு செய்ய வைத்த விஷயம் ஸ்டீரியோ. ஆரம்பகாலப் பாட்டுகளை இரண்டே தடங்களில் பதிவு செய்ததால் ‘ஆல் மை லவ்விங்’ போன்றவற்றில் வாத்தியம் ஒரு பக்கம், குரல் இன்னொரு பக்கம். பழைய பதிப்புகளை காரில் போட்டால் குரல் முழுக்க வலப்பக்கம், அதாவது ஓட்டுபவர் காதருகே. இடப்பக்கம் இருப்பவருக்குக் கிட்டாரும் டிரம்ஸும்தான். ஹெட்போனில் இன்னும் மோசம், ‘எலினோர் ரிக்பி’யைக் கேட்டுப் பாருங்கள், தலை ஒரு பக்கம் சாய்ந்தது போலவே இருக்கும். ‘ஷி லவ்ஸ் யூ’வுக்கு அதுவும் இல்லை, மூல டேப் அழிந்துபோனதால் இரு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோ மட்டும்தான்.

2023இல், கலந்துபோன ஒலியிலிருந்து குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும், சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவின் நுட்பத்தைப் பயன்படுத்தி, இசைத் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாகக் கலவை செய்தார். இப்போது குரல் நடுவில் நிற்கிறது. ‘ஷி லவ்ஸ் யூ’ தொடக்கத்தில் ரிங்கோ டிரம்ஸை உருட்டுவது தனியாக, கனமாகக் காதில் விழுகிறது. எத்தனையோ வருடமாகக் கேட்ட பாட்டு, எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அப்புறம், 12 பாட்டுகள் கூடுதல். பழைய 26இல் பீட்டில்ஸின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் எழுதியது ஒன்றுகூடக் கிடையாது, இதில் ‘டாக்ஸ்மேன்’ வந்திருக்கிறது, அதுவே நியாயம்.

சில இடங்களில் குரலின் ஓரம் கொஞ்சம் செதுக்கியது போல எனக்குத் தோன்றுகிறது, நல்ல ஸ்பீக்கரில் எப்படி இருக்கும் என்று இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை. மூல ஒலி அப்படியே வேண்டும் என்பவர்கள் 2010ஐ எடுங்கள். 1967–1970 பாட்டுகளின் தொகுப்பான நீல ஆல்பத்தில் இந்த ஸ்டீரியோ பிரச்சினை குறைவு, அதன் 2010 பதிப்பு கையில் இருந்தால் மாற்ற வேண்டிய அவசரமில்லை.