"போர்டு போயிடுச்சு" என்றதும் தலையாட்டிவிடாதீர்கள்

லேப்டாப்பில் தண்ணீர் கொட்டி, ரிப்பேர் பார்ப்பதா புதிதாக வாங்குவதா என்று தவித்துக்கொண்டிருக்கிறீர்களா? கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்த மாதிரி நீங்களும் ஏமாறக் கூடாது.

ஒரு டம்ளர் தண்ணீர் கீபோர்டு மேல் சாய்ந்தது, திரை அணைந்தது. பதற்றத்தில் துடைத்துவிட்டு உடனே சார்ஜரைச் செருகி, பவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். பெரிய தப்பு. ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால் மதர்போர்டு, அதாவது உள்ளே எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை, வேகமாக அரிபட்டுவிடும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அப்படியே கொண்டுபோயிருக்க வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைப்பதும் வீண். போர்டில் படிந்த உப்பை அரிசி எடுக்காது.

கடைக்காரர் அடிமூடியைக் கழற்றி இரண்டு நிமிடம் பார்த்தார். "மதர்போர்டு போயிடுச்சு சார். மாத்தணும். இல்லேன்னா இதைக் குடுத்துட்டு புதுசு எடுத்துக்கோங்க" என்றார். போர்டு மாற்றக் கேட்ட தொகை புது லேப்டாப்பின் விலையில் பாதி. உள்ளே என் நான்கு வருட வேலை இருந்தது, முழு பேக்கப் இல்லை. சரி என்றேன். எந்த இடத்தில் பழுது, எப்படித் தெரிந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தது, ஓடவும் செய்தது. ஆனால் நான்கு டேப் திறந்தாலே திணறியது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 16 ஜிபி ரேம் இருந்த இடத்தில் 8 ஜிபி. போன் செய்தால், "உங்க மெஷின்ல 8 தான் சார் இருந்துச்சு" என்கிறார். மூன்றாவது வாரம் மொத்தமாக நின்றுவிட்டது.

வேறொரு டெக்னீஷியனிடம் போனேன். அவர் என் கண்முன்னே திறந்து, சார்ஜிங் போர்ட்டுக்குப் பக்கத்தில் லென்ஸை வைத்துக் காட்டினார். ஐசி என்ற சிப்பின் கால்களில் பச்சையாகப் பூத்திருந்த அரிப்பு. நடுவில் கெப்பாசிட்டர் என்ற குட்டிப் பாகம் ஒன்றைச் சுற்றி மட்டும், பற்றவைக்கும்போது பூசும் ஃப்ளக்ஸ் பழுப்பாகக் காய்ந்திருந்தது. பிறகு, "டிஸ்க்குக்கு பிட்லாக்கர் போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார். டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி அது; அந்தப் பூட்டு போர்டில் உள்ள ஒரு சிப்போடு பிணைந்திருக்கும். ஆமாம், போட்டிருந்தேன். "ரிப்பேர் ஆகி வந்ததும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டுச்சா?" இல்லை. "அப்போ இது உங்க பழைய போர்டுதான். போர்டு மாறியிருந்தா கீ இல்லாம உள்ளே விட்டிருக்காது." எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஒரு கெப்பாசிட்டரை மாற்றிவிட்டு, அரிப்பைச் சுத்தம்கூடச் செய்யாமல், முழு போர்டுக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள்.

அவர் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் போர்டைக் கழுவி, அந்த ஐசியையும் மாற்றினார். முதல் கடையில் கொடுத்ததில் கால் பங்குகூட ஆகவில்லை.

ரிப்பேரா புதுசா என்று யோசிக்கும் முன் எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதை எழுதி வாங்குங்கள். போர்டு மாற்றினால் பழைய போர்டைக் கையில் கேளுங்கள். ஆன் ஆகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் ஹெச்டிஎம்ஐ வழியாக வெளி மானிட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கே படம் தெரிந்தால் பெரும்பாலும் டிஸ்ப்ளேயோ அதன் கேபிளோதான் பழுது. ரேம், எஸ்எஸ்டி விவரங்களை மெஷின் நன்றாக இருக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். ரெக்கவரி கீயையும் வேறெங்காவது பத்திரப்படுத்துங்கள். சில மாடல்களில் எஸ்எஸ்டியும் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அதில் போர்டை மாற்றினால் டேட்டாவும் போய்விடும்.

எல்லாவற்றையும் ரிப்பேர் செய்யச் சொல்லவில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. 11க்குப் போக முடியாத பழைய மெஷினில் பெரிய தொகை போடுவதைவிட நானும் புதுசுதான் வாங்குவேன்.

முதல் கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "பில்லைக் காட்டுங்க" என்றார்கள். அதில் "சர்வீஸ் சார்ஜ்" என்று மட்டும்தான் இருந்தது. போர்டு என்ற சொல்லே இல்லை.